புள்ளும் விரிச்சியும்: சகுன நம்பிக்கையின் தோற்றமும் பொருளும்

புள் என்னும் தமிழ்ச்சொல் பறவையைக் குறிக்கும், நிமித்தத்தையும் குறிக்கும். வடமொழியிற் சகுனம் என்னும் சொல்லும் அவ்வாறே முதலிற் பறவையையும், பின்னர்ப் பறவையாற் பெறப்படும் குறியையும் உணர்த்திற்று. இலத்தீன் மொழியில் நிமித்தம் பார்த்தலைக் குறிக்கும் சொல், பறவை என்பதும் பார்த்தல் என்பதும் கூடியமைந்த தொடர்ச்சொல்லே. மங்கலமானது என்னும் பொருளில் ஆங்கிலேயர் இன்று வழங்கும் சொல் அதன் வழிவந்தது. கிரேக்கரும் பறவைப் பெயராலேயே நிமித்தத்தைச் சுட்டினர். கி. மு. 414 இல் ஏதென்சு நகரில் அரங்கேறிய அரிஸ்தோபனிசின் 'பறவைகள்' என்னும் நகைநாடகத்திலே, தும்மலைக்கூட நீங்கள் பறவை என்றல்லவோ கூறுகின்றீர்கள் என்று பறவைகள் மனிதரை எள்ளுகின்றன. வடமொழி, இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்றும் ஓரினத்து மொழிகள். ஆதலின் அவற்றிடை ஒற்றுமை காணப்படுதல் வியப்பன்று. தமிழோ வேறினத்து மொழி. அதுவும் இவற்றோடு ஒருங்கு நிற்பதை நோக்குமிடத்து, வானத்தை அண்ணாந்து பார்த்துத் தன் வருங்காலத்தை வினாவுதல் மனிதகுலத்தின் மிகப் பழைய பழக்கங்களுள் ஒன்று எனக் கொள்ளல் தகும்.

இத்தகைய நம்பிக்கைகளை எம்மவருள் ஒரு சாரார் மூடநம்பிக்கை என்னும் ஒரே மூட்டையிற் கட்டி எறிந்துவிடுவர். மற்றொரு சாரார், இவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு விஞ்ஞான உண்மை ஒளிந்து கிடக்கின்றதென்றும், முன்னோர் அதனை அறிந்தே பாமரர்க்கு ஏற்றவாறு சகுனமெனக் கூறி வைத்தனரென்றும் சாதிப்பர். முன்னவரினும் பின்னவரே இன்று மிகுதியர். மேடைகளிலே இதனைக் கேட்கின்றோம். பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலும் கேட்கின்றோம். நடுவர் இருக்கையில் அமர்ந்து யானும் பன்முறை கேட்டிருக்கின்றேன். சொல்லாற்றல் நன்றாயிருந்தமை கருதி ஒருமுறை முதற்பரிசும் அளித்தேன். ஆதலின், இக்கட்டுரையின் ஒரு பகுதி எனக்கே யான் கூறிக்கொள்ளும் மறுப்பு எனினும் பொருந்தும்.

அன்று அம்மாணவன் எடுத்துக்காட்டியவற்றுள் முதலாவது, வடக்கே தலைவைத்துப் படுத்தலாகாது என்பது. பூமியின் காந்தசத்தி இரத்தத்திலுள்ள இரும்பை மூளைக்கு இழுத்துவிடும் என்பது அவன் காட்டிய காரணம். இரத்தத்திலுள்ள இரும்பு ஈமோகுளோபின் என்னும் புரதத்தோடு பிணைந்து கிடப்பது. ஆணியைப்போலவும் ஊசியைப்போலவும் காந்தத்தால் இழுக்கப்படுவதன்று. வைத்தியசாலைகளில் எம். ஆர். ஐ. என வழங்கும் படப்பிடிப்புக் கருவியின் காந்தப்புலம் பெரும்பாலும் 1.5 தெசுலா வலிமையுடையது. அது பூமியின் காந்தப்புலத்தினும் ஏறக்குறைய 30,000 மடங்கு. நோயாளர் அதனுள்ளே நெடுநேரம் அசையாது கிடந்து எழுந்து வருகின்றனர். அவர்தம் இரத்தம் இடம்பெயர்ந்ததில்லை. இத்தடையின் பொருளை அறியக் காந்தம் வேண்டுவதில்லை. வடக்கு நோக்கியிருந்து உயிர் நீத்தலை வடக்கிருத்தல் என்றனர் பழந்தமிழர். யானைமுகக் கடவுள் தலைபெற்ற கதையும், வடக்கே தலைவைத்து உறங்கிய யானையைப் பற்றியே மக்களிடை வழங்குகின்றது. இறப்பின் நினைவைத் திசையோடு சேர்த்தெண்ணும் பழைய மனமே இங்குப் பேசுகின்றது.

விளக்கு வைத்தபின் வீடு கூட்டலாகாது என்பதற்குக் கூறப்படும் காரணம் சற்றுத் தகுதியுடையது. மங்கிய ஒளியிலே தோட்டின் திருகாணி குப்பையோடு போய்விடும் என்பர். இருக்கலாம். ஆயின், மின்விளக்குப் பகல்போல் எரியும் வீட்டிலும் அத்தடை நிற்கின்றதே! விளக்கோடு ஒழிந்திருக்கவேண்டிய காரணம், விளக்கு மாறிய பின்னும் ஒழியாத நம்பிக்கையை எவ்வாறு விளக்கும்? கூட்டினால் இலக்குமி வெளியேறுவாள் என்று பாட்டிமார் கூறும் காரணமே நம்பிக்கையின் உண்மை வடிவம். திருகாணி பின்வந்த வழக்கறிஞர் வாதம். பூனை குறுக்கிடுவதற்கு வண்டி மாடு வெருளும் என்று காரணம் காட்டுவதும் இவ்வாறே. பிரித்தானியாவிற் கரும்பூனை குறுக்கிடுதல் பலரால் நன்னிமித்தமாகக் கொள்ளப்படுகின்றது. ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றில் அதுவே தீநிமித்தம். கடலைக் கடந்தவுடன் மாடுகளின் இயல்பு மாறிவிடுவதில்லை.

இவ்விளக்கங்களில் யான் காணும் பெருங்குறை அவை பொய்யாயிருத்தல் மாத்திரம் அன்று. நம்பிக்கை எந்த நெஞ்சில், எந்த நேரத்திற் பிறந்தது என்ற வினாவையே அவை எழவொட்டாமல் தடுத்துவிடுகின்றன. அவ்வினாவுக்கு விடை காணப் பௌதிக நூலினும் எம் பழைய இலக்கியம் மிகுதியும் உதவும்.

சிலப்பதிகாரத்திலே கோவலன் சிலம்பை விற்கப் புறப்படும்போது ஏறு ஒன்று எதிர்ப்படுகின்றது. அது தீக்குறி என்பதை அவன் அறிந்திலன். அறியாமைக்கு இளங்கோவடிகள் கூறும் காரணம் கருதத்தக்கது: அதனை அறிதல் அவன் குலத்துக்கு உரியதன்று. கோவலன் வணிகன்; ஏற்றின் குறி ஆயர்க்குரிய அறிவு. நிமித்தம் எல்லார்க்கும் பொதுவான சாத்திரமாயின்றி, ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய தனியறிவாய் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அடுத்து வரும் ஆய்ச்சியர் குரவையிற் குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிட்ட வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்கள் நீர் சொரிகின்றன. ஆட்டுக்குட்டிகள் துள்ளாது சோர்ந்து கிடக்கின்றன. பசுக்கள் நடுங்கிக் கதறுகின்றன. அவற்றின் கழுத்துமணிகள் அறுந்து வீழ்கின்றன. மாதரி அஞ்சுகிறாள். இவற்றுள் ஒன்றேனும் வானத்திலிருந்து இறங்கியதன்று. எல்லாம் மாட்டுக்கொட்டிலுள்ளும் பால்மனையுள்ளும் நிகழ்வன. பால் உறையாமையும் பசு நடுங்குதலும் நோயின் அறிகுறியாயிருத்தல் கூடும் என்பதை மாடு வளர்ப்போர் யாவரும் அறிவர். பயனுள்ள கவனிப்பு ஒன்று, அச்சம் மேலிட்ட நாளில் தன் எல்லையைக் கடந்து, மதுரை நகரில் நடப்பதற்கும் குறியாகிவிடுகின்றது.

தொழிலறிவு எங்கே முடிகின்றது, நிமித்தம் எங்கே தொடங்குகின்றது என்பதை மானிடவியலார் மலினொவ்ஸ்கி திரோபிரியந்துத் தீவுகளில் நேரிற் கண்டார். அங்கே ஆழமற்ற உள்வாங்கலில் மீன்பிடிப்போர் மந்திரச் சடங்கு எதனையும் வேண்டுவதில்லை. திறந்த கடலுக்குச் செல்வோரே பலவகைச் சடங்குகளைச் செய்வர். கைத்திறன் போதுமான இடத்திலே மந்திரம் இல்லை. ஆபத்தும் ஐயமும் மிக்க இடத்திலேயே அது தோன்றுகின்றது என்று அவர் 1925 இல் எழுதினார். எம் கடற்கரையூர்களிற் பழகியோர்க்கு இது புதுமையன்று. எறும்பு முட்டை சுமந்து மேட்டுக்கு ஏறக் கண்டு மழை வருமெனக் கூறுவது கவனிப்பு. எறும்பை எவரும் சகுனம் என்பதில்லை. மழையையும் காற்றையும் ஓரளவு கணித்துக் கொள்ளலாம். கடலுக்குப் போன மகன் மீள்வானோ என்பதைக் கணிக்க வழியில்லை. அவ்விடத்திலேதான் காகம் கரைகின்றது.

காகத்தைப் பற்றிக் கூறுவதற்கு நிரம்ப உண்டு. காகம் கரைந்தால் விருந்தினர் வருவர் என்பது இன்றும் எம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கை. இதனைப் பாடியமையாலேயே நச்செள்ளையார் என்னும் புலவர் காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்றார். குறுந்தொகை 210 ஆம் பாடல் அது. பிரிவிலே தலைவியை நன்கு ஆற்றியிருந்தாய் என்று மீண்டுவந்த தலைவன் தோழியைப் புகழ, அவள் அப்புகழைத் தனதாகக் கொள்ளாது காக்கைக்கு ஆக்குகிறாள். நள்ளியின் காட்டிலுள்ள ஆனினத்தின் நெய்யையும் தொண்டியின் வெண்ணெற் சோற்றையும் ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும், விருந்து வரக் கரைந்த அக்காக்கைக்கு அது சிறிதே என்கிறாள். காகம் தலைவனை வரவழைத்தது என்று அவள் கூறவில்லை என்பதை இங்கு ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அவன் வரும்வரை தலைவியின் உயிரைத் தாங்க அதன் குரல் உதவிற்று. அதற்கே அவள் நன்றி பாராட்டுகிறாள். ஐங்குறுநூறு 391 இலும் இத்தகைய தாயொருத்தியைக் காண்கிறோம். உடன்போக்கிற் சென்ற மகள் தன் காதலனோடு மீண்டு வருமாறு கரைந்தால், ஊன் கலந்த உணவைப் பொற்கலத்தில் தருவேன் என்று காக்கையை வேண்டுகிறாள் அவள். வேறு யாரிடம் வேண்டுவாள்? ஊரார் அலர் தூற்றுவர், சுற்றத்தார் சினந்திருப்பர். மகளைக் குறித்து அவள் வாய்விட்டுப் பேசத்தக்க ஒரே உயிர் முற்றத்துக் காக்கையே.

பல்லியின் கதையும் இதுவே. நெடுஞ்சுவரிற் பல்லி ஒலிக்குந்தோறும் கைகூப்பி, நல்லதே கூறுவாயென நடுங்கி நிற்கும் பெண்டிரை அகப்பாடல்கள் காட்டுகின்றன. நற்றிணை 98 இல் உக்கிரப்பெருவழுதி இதனைச் சற்றே வேடிக்கையாகவும் ஆண்டிருக்கிறான். தினைப்புனத்துட் புகவந்த காட்டுப்பன்றி, பக்கத்திலே பல்லி ஒலிக்கக் கேட்டு, மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சென்று தன் கற்குகையிற் கிடந்துவிடுகின்றது! பன்றிக்கும் சகுனம் தெரிந்திருக்கின்றது என்று மாணவர் நகைப்பர், நகைக்கட்டும். காவல்மிக்க தலைவியின் வீட்டுக்கு இரவிலே வந்து மீளும் தலைவனுக்குப் பன்றிக்குள்ள எச்சரிக்கைகூட இல்லையே என்ற கவலை அந்நகைப்பினூடே ஒலிக்கின்றது.

விரிச்சி என்பது வழியிலே தற்செயலாகக் கேட்கும் சொல்லைக் குறியாகக் கொள்ளல். தொல்காப்பியர் அதனை வெட்சித்திணைத் துறைகளுள் ஒன்றாக வைத்தார். நிரை கவரப் புறப்படும் மறவர் பிறர் வாயில் எழும் சொல்லைக் கேட்டுச் செல்வர். எங்கே போகிறாய் என்று புறப்படுவோனை வினவலாகாது என்பதும், போகிறேன் என்னாது போய் வருகிறேன் என்பதும் விரிச்சியின் எச்சங்களே. இவ்வழக்கத்தின் மிகச் சிறந்த ஓவியம் 103 அடிகளேயுடைய முல்லைப்பாட்டில் உளது. தலைவன் போர்க்களத்தில் இருக்கிறான். முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது நிற்கின்றனர். தாய்ப்பசு வாராமையால் வருந்தும் கன்றுக்கு, உன் தாயரைக் கோவலர் ஓட்டிவர இப்போதே வருவர் என்று இடைச்சிறுமி ஒருத்தி ஆறுதல் கூறும் சொல் காதில் விழுகின்றது. நற்சொல் கேட்டோம், தலைவன் வருவது உறுதி என்று பெண்டிர் வந்து தலைவியைத் தேற்றுகின்றனர். அவள் தேறினாளா? தேறவில்லை. அவள் கண்கள் முத்துப்போல நீர் சொரிகின்றன. விரிச்சியின் ஆறுதலை முழுதும் மதித்து, அதன் எல்லையையும் உடனே காட்டிய நப்பூதனாரின் நுண்மையை என்னென்பது! நிமித்தத்தை விஞ்ஞானமென்பாரும் வெறும் மடமையென்பாரும் இவ்விடத்தை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

புறப்பாடல்களில் நிமித்தத்துக்கு வேறொரு பயனும் உண்டு. புறநானூறு 204 இற் கழைதின் யானையார் வல்வில் ஓரியை நோக்கிப் பேசுகிறார். பரிசில் பெறாது மீளும் இரவலர், தாம் புறப்பட்ட பொழுதையும் எதிர்ப்பட்ட புள்ளையும் பழிப்பாரேயன்றி, நாடிச் சென்ற வள்ளலைப் பழியார் என்கிறார். வறியவன் தன் மானத்தையும் வள்ளலின் பெயரையும் ஒருங்கே காத்துக்கொள்ளுதற்குப் புள் ஒரு போர்வை. இதனை உள்ளபடியே நம்பினாரா, நாகரிகமாக நம்புவதுபோற் பேசினாரா என்று பிரித்தறிதல் அரிது. இதற்கு மறுதலையாக, 124 ஆம் பாடலிற் கபிலர், நல்ல நாளன்றிப் புறப்பட்டாலும், புள் தடுத்தாலும், சமயமறியாது உட்புகுந்து திறமையின்றிப் பேசினாலும், மலையமான் திருமுடிக்காரியைப் பாடிச் சென்றோர் வெறுங்கையோடு திரும்பார் என்கிறார். கொடையுள்ள வாயிலிலே புள்ளுக்கு வேலையில்லை. (அக்காரியே ஓரியைப் போரிற் கொன்றான் என்பது வேறு கதை.)

அரசர்பாற் சென்றால் நிமித்தம் இன்னும் கனக்கின்றது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டிலே, புதிய பறவைகள் வந்தாலும் பழைய பறவைகள் பெயர்ந்தாலும் மக்கள் நடுங்குவதில்லை என்று 20 ஆம் பாடலிற் பாடினார் குறுங்கோழியூர் கிழார். அதே வேந்தனைக் குறித்துக் கூடலூர் கிழார் பாடிய 229 ஆம் பாடலிலோ, பங்குனித் திங்களில் நள்ளிரவில் வீழ்ந்த விண்மீன் ஒன்று புலவரை அஞ்சுவிக்கின்றது. ஏழாம் நாளில் வேந்தன் இறக்கின்றான். ஒரே அரசனின் புகழிலும் சாவிலும் நிமித்தம் ஒருமுறை மறுக்கப்பட்டும் ஒருமுறை நிறைவேறியும் நிற்றல், அக்காலச் சான்றோர் இதில் ஒருமுகமான கொள்கையுடையவரல்லர் என்பதைக் காட்டும்.

நிறைவேறிய நிமித்தமே பாட்டாயிற்று. நிறைவேறாதவை பாடப்படவில்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். கம்பர் காட்டும் சீதை அசோகவனத்தில் இடப்புறம் துடிக்கக் கண்டு, மிதிலைக்கு இராமன் வந்த நாளிலும் இவ்வாறே துடித்தது, காடு புகுந்த நாளிலும் இராவணன் வந்த நாளிலும் வலம் துடித்தது என்று திரிசடையிடம் கணக்குக் கூறுகிறாள். அவள் நினைவுகூர்வன பொருந்திய நாள்கள் மாத்திரமே. பேக்கன் 1620 இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு கதை கூறுகிறார். நேர்த்திக்கடன் வைத்துக் கடற்சேதத்தில் தப்பியோரின் படங்களைக் கோயிலிலே ஒருவனுக்குக் காட்டி, இப்போதாயினும் தெய்வ வலியை ஒப்புகிறாயோ என்று வினவினராம்; நேர்ந்துகொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே என்று அவன் திருப்பிக் கேட்டானாம். சீதையிடம் இவ்வினாவை எழுப்புவோன் இதயமில்லாதவன். ஆயினும் பஞ்சாங்கத்தை நோக்கி அவ்வினாவை எழுப்பாதோன் கல்வி பெற்றவனல்லன்.

தும்மலைப் பற்றி ஒரு சொல். வள்ளுவர் நிமித்தத்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தாரல்லர். தும்மலை மட்டும் காமத்துப்பாலில் வைத்தார். தலைவன் தும்முகிறான், தலைவி வாழ்த்துகிறாள், உடனே, எவள் உம்மை நினைத்தமையால் தும்மினீர் என்று அழுகிறாள். அவன் அடுத்த தும்மலை அடக்குகிறான். யாரோ நினைப்பதை எனக்கு மறைக்கிறீரோ என்று மீண்டும் அழுகிறாள். நம்பிக்கையை மறுக்காமலும் ஏற்காமலும் அதனை வைத்து ஊடலின் அழகைக் காட்டிய அப்பெருந்தகைக்கு, தும்மலின் பலன் கூறும் அட்டவணை எத்துணை அற்பமாய்த் தோன்றியிருக்கும்!

அட்டவணை என்றேன். மாற்றம் நிகழ்ந்த இடம் அதுவே. காத்திருப்போரின் நெஞ்சிற் பிறந்த குறிகள் காலப்போக்கில் நெஞ்சைவிட்டு நீங்கி ஏட்டிற் குடிபுகுந்தன. எத்திசையிற் பல்லி ஒலித்தால் என்ன பலன், எவ்வுறுப்பில் வீழ்ந்தால் என்ன பலன் என்பன இன்று பஞ்சாங்கத்திலே பட்டியலாக அச்சிடப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்கள் இருத்தலும், புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் அவை வேறுபடுதலும் யாவரும் அறிந்தவை. பட்டியல் நீண்டபோது பறவையும் பல்லியும் போதாமற் போயின. மனிதரும் அதனுட் சேர்க்கப்பட்டனர். எண்ணெய்க் குடம் சுமப்போன் தீது, விறகு சுமப்போன் தீது, கட்டுக்கழுத்தி நன்று, கைம்பெண் தீது. இப்பட்டியலிற் பிணம் எதிர்வருதல் நற்சகுனம்! பாடையிற் போகும் கணவன் நற்குறியாகவும், அவன் விட்டுச்சென்ற மனைவி தீக்குறியாகவும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதிவைத்தவனுக்குக் கை கூசவில்லை.

பழையதை எல்லாம் பொன்னெனக் காட்டுவது என் கருத்தன்று. சங்ககாலத்திலேயே கைம்மை கொடிதாயிருந்தது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246 ஆம் புறப்பாட்டில், அக்கொடுமையினும் ஈமத்தீ இனிதெனத் தோன்றுகின்றது. ஆயினும் 280 ஆம் பாட்டை நோக்குக. மாறோக்கத்து நப்பசலையார் பாடியது. பேசுபவள் புண்பட்ட மறவனின் மனைவி. கணவன் மார்பிலுள்ள புண் கொடிது. நள்ளிரவில் தும்பி இரைகின்றது; மனையிலே ஏற்றிய விளக்கு நிற்கவில்லை; உறங்காத கண் உறக்கத்தை அவாவுகின்றது; கூகை குழறுகின்றது; விரிச்சி கேட்கச் சென்ற முதியவளின் சொல்லும் வாய்க்கவில்லை. துடியனே, பாணனே, விறலியே, உங்கள் நிலை என்னாகுமோ என்று இரங்குகிறாள். அணிகலன் நீத்து அல்லியுண்டு கிடக்கும் கைம்பெண்டிரைப்போல வாழ்தல் அதனினும் அரிது என்கிறாள். இங்கே குறிகள் அத்தனையும் அவளைச் சூழ்ந்து நிற்கின்றன. அவற்றைப் படிக்கும் கண் அவளுடையது. நடுங்கும் நெஞ்சும் அவளுடையதே. அவள் சகுனம் பார்ப்பவள். அவளையே சகுனமாக்கிப் பார்த்தவர்கள் நாம். விரிச்சியின் நீண்ட வரலாற்றிலே நிகழ்ந்த பெரும்பிழை இதுவென யான் கருதுகிறேன். இப்பிழைக்கு எந்த விஞ்ஞானக் காரணத்தைத் தேடுவது? கைம்பெண்ணிடமிருந்து எக்கதிர் வீசுகின்றது? எல்லாச் சகுனத்துக்கும் காரணம் கூறிய என் மாணவன் இதனை மட்டும் குறிப்பிடவில்லை. பிற மேடைகளிலும் இதனைக் குறிப்பிட்டவரை யான் கண்டதில்லை.

சைவர்களாகிய நாம் இவ்விடத்தில் எம் சமய நூல்களை நோக்கக் கடமைப்பட்டவர்கள். மங்கையர்க்கரசியாரின் அழைப்பையேற்றுத் திருமறைக்காட்டினின்றும் மதுரைக்குப் புறப்படும் சம்பந்தரை, கோள்கள் தீயன எனக் கூறி அப்பர் தடுத்தார். சம்பந்தரின் விடை கோளறு பதிகமாயிற்று. அடியார்க்கு எல்லாக் கோளும் நல்லன என்பது அதன் உள்ளீடு. நாளையும் கோளையும் கணியாமற் புறப்படும் துணிவைத் தந்த அப்பதிகத்தையே, சனிப்பெயர்ச்சி நாள் பார்த்துக் கிரகதோடம் நீங்க ஓதுகின்றோம் நாம். இதனினும் பெரிய முரண் வேறில்லை. திலகவதியாரின் வரலாற்றையும் நினைக. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார். தாம் அவர்க்கே உரியவர் என்று கருதி உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின்பொருட்டு உயிர் தாங்கினார். சூலைநோயாற் துடித்த அத்தம்பி, வைகறைக்கு முன் திருவதிகையில் வந்து கண்டது அவர் முகத்தை. பெற்றது அவர் கையாலளித்த திருநீற்றை. எம் பட்டியல்படி நோக்கின், அப்பருக்கு அன்று வாய்த்தது தீச்சகுனம். சித்திரைச் சதயத்திலே கல்லூரிகளில் அப்பர் குருபூசை கொண்டாடுகின்றோம். அம்மண்டபத்து நிறைகுடத்தின் அருகிலே குத்துவிளக்கை ஏற்றக் கைம்பெண் ஒருத்தியை எத்தனை முறை அழைத்தோம்?

இது ஏட்டுச் சுவடி ஆராய்ச்சியோடு முடியும் பொருளன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே கணவரை இழந்த பெண்கள் எம் மாகாணத்திற் பல்லாயிரவர். சில கிராமங்களிற் கைம்பெண் எதிர்ப்படாமல் ஒழுங்கையைக் கடத்தல் இயலாது. தோட்டம் செய்பவர் அவர். கூலிக்குப் போகிறவர் அவர். பிள்ளைகளின் கட்டணத்தைக் கட்டக் கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நிற்பவரும் அவர். மகளை வளர்த்து, படிப்பித்து, சீதனம் தேடி மணமேடைக்கு அனுப்பியவர், அறுகரிசி போடும் நேரத்திலே குசினிக்குட் சென்றுவிடுகிறார். எவரும் அவரைப் போகச் சொல்வதில்லை. எவரும் நில்லுங்கள் என்று சொல்வதுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் கற்ற மாணவன் ஒருவன், தகப்பனாரைச் சிறுபிராயத்திலேயே போரில் இழந்தவன். முதல்நாட் பரீட்சை எழுதி வந்தபின், வினாத்தாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் இடையிலே வேறொன்று கூறினான். அன்று காலை அவன் புறப்பட்டபோது தாயாரைக் காணவில்லையாம். நான்கு மணிக்கு எழுந்து தேநீர் தந்து, சட்டையை அழுத்திவைத்து, திருநீற்றுக் குடுவையையும் மேசைமேல் எடுத்து வைத்தவர், அவன் படலையைத் திறக்கும் நேரத்திலே மறைந்துவிட்டாராம். பக்கத்து வீட்டுக் கட்டுக்கழுத்தி ஒருவர் ஏற்கெனவே பேசிவைத்தபடி செம்பிலே தண்ணீரோடு எதிரே வந்தாராம். அவன் திரும்பிப் பார்த்தபோது, குசினிக் கதவின் நீக்கலிலே தாயாரின் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்ததாம். இதனைக் கூறிவிட்டு, முல்லைப்பாட்டிலே விரிச்சி கேட்கப் போன கிழவிகளுக்குக் கணவர் உயிரோடு இருந்தனரோ ஐயா என்று கேட்டான். அவர்தம் முதுமையைக் கூறிய புலவர் தாலியைக் கூறவில்லை என்றேன். அதற்குமேல் அவனிடம் யான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும் என்று இரவெல்லாம் எண்ணிக் கிடந்தேன்.

யான் சொல்லவேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வினாத்தாளுக்குப் புறப்பட்ட காலையில், தாயார் வந்து படலையடியில் நின்றாலன்றிப் போகமாட்டேன் என்று முற்றத்திலே நின்றுவிட்டானாம். நேரம் போகின்றதென்று அவர் அழுதாராம், அவன் அசையவில்லை. ஈற்றில் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து முன்னே நின்றாராம். எஞ்சிய வினாத்தாள்கள் அனைத்துக்கும் அவ்வாறே போனான். அவன் பெற்ற பெறுபேற்றை இங்கே யான் எழுதேன். எழுதினால் அதனையும் ஒரு சகுனமாக்கிவிடுவார் எம்மவர்.